வீட்டுல சுகர் மெஷின்: எதை வாங்கணும், எப்படி குத்தணும், வர்ற நம்பரை எவ்வளவு நம்பலாம்

சுகர் மெஷின் வாங்கப் போற எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எந்த பிராண்ட் நல்லது?" தான். அதுக்கு முன்னாடி உங்களையே ஒண்ணு கேட்டுக்குங்க, இதுல வர்ற நம்பரை வச்சு என்ன பண்ணப் போறீங்க? இன்சுலின் யூனிட் சரியா இருக்கான்னு பாக்கவா, டாக்டர் புதுசா எழுதின மாத்திரை வேலை செய்யுதான்னு தெரியவா, இல்ல ராத்திரி சாப்பிட்ட ரெண்டு பரோட்டா என்ன பண்ணுச்சுன்னு பாக்கவா? அது தெளிவா இருந்தா எந்த மெஷின், மாசத்துக்கு எத்தனை ஸ்ட்ரிப் (ரத்தச் சொட்டை உறிஞ்சுறதுக்கு மெஷின்ல சொருகுற சின்ன பட்டை), எந்த நேரத்துல குத்தணும் எல்லாம் தன்னால முடிவாயிடும். அது தெரியாம வாங்குற வீடுகள்ல முதல் வாரம் தினமும் நாலு தடவை குத்துவாங்க, வந்த விருந்தாளிக்கும் காப்பி குடுத்த கையோட ஒரு டெஸ்ட் பாப்பாங்க, ஸ்ட்ரிப் தீர்ந்ததும் மெஷின் பீரோவுக்குள்ள போயிடும்.

ஸ்ட்ரிப் கணக்கை முதல்ல போடுங்க

மெஷின் விலையை பாத்து மயங்காதீங்க. ஆஃபர்ல பாதி விலைக்கு தருவாங்க, கூடவே 25 ஸ்ட்ரிப் சும்மா தருவாங்க, ஏன்னா அவங்களுக்கு வியாபாரமே ஸ்ட்ரிப்லதான் இருக்கு. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷின்ல போகாது, ஒரே கம்பெனியிலயே மாடல் மாறினா ஸ்ட்ரிப்பும் மாறும், அதனால ஒரு மெஷினை வாங்கிட்டா அது ஓடுற வரைக்கும் அந்த ஸ்ட்ரிப்புக்கு வாக்கப்பட்ட மாதிரிதான். ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய்னு வச்சுக்குங்க, இன்சுலின் போடுறவர் தினமும் மூணு தடவை பாத்தா மாசம் 1,800 ரூபாய் ஆச்சு. மாத்திரை மட்டும் போடுறவர் வாரத்துக்கு மூணு பாத்தா 240 ரூபாய்ல முடிஞ்சுடும். இந்த கணக்கை போட்டுட்டு, உங்க தெரு மெடிக்கல்ல போய் எந்த ஸ்ட்ரிப் எப்பவும் ஸ்டாக் இருக்கும்னு கேளுங்க. ஆன்லைன்ல மட்டும் கிடைக்கிற ஸ்ட்ரிப்னா, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒருத்தருக்கு வேர்த்து கொட்டும்போது அது ஒண்ணுக்கும் உதவாது.

இன்னொரு விஷயம், டப்பாவை திறந்த பிறகு ஸ்ட்ரிப்புக்கு ஆயுசு தனி. சில பிராண்டுக்கு மூணு மாசம், சிலதுக்கு ஆறு மாசம், சிலதுக்கு டப்பாவுல போட்ட எக்ஸ்பைரி வரைக்கும். வாரத்துக்கு ஒரு தடவை பாக்குறவர் விலை சல்லிசுன்னு 100 ஸ்ட்ரிப் வாங்கி வச்சா பாதி குப்பைக்குத்தான் போகும். திறந்த தேதியை டப்பா மேலயே மார்க்கர்ல எழுதிடுங்க.

மெஷின்ல என்னென்ன பாக்கணும்

நம்ம ஊர்ல அக்யூ-செக், ஒன்டச், கான்டூர் பிளஸ், டாக்டர் மோர்பென் இதெல்லாம் சுலபமா கிடைக்குது. எதுவா இருந்தாலும் பெட்டியிலயோ உள்ள இருக்குற தாள்லயோ ஐஎஸ்ஓ 15197:2013னு போட்டிருக்கான்னு பாருங்க. வீட்டு சுகர் மெஷின் எவ்வளவு துல்லியமா இருக்கணும்னு சொல்ற உலக அளவு அதுதான். லேப் ரீடிங் 100க்கு கீழ இருந்தா மெஷின் 15 பாயின்ட் கூடவோ குறைவாவோ காட்டலாம், 100க்கு மேல போனா 15 சதவீதம், நூத்துக்கு 95 ரீடிங் இந்த எல்லைக்குள்ள வந்தா பாஸ்.

இதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. லேப்ல 200 வர்ற அதே நேரத்துல உங்க மெஷின் 170 காட்டினாலும் சரிதான், 230 காட்டினாலும் சரிதான். அதனால ஒரு விரல்ல 148, பக்கத்து விரல்ல 163னு வந்தா மெஷின் கெட்டுப்போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, அது ரெண்டும் ஏறக்குறைய ஒரே ரீடிங்தான். நேத்து 132, இன்னைக்கு 139, ஏழு ஏறிடுச்சேன்னு ராகியை நிறுத்துறதும் அதே கதைதான்.

பழைய மாடல்கள்ல கோடிங் இருக்கும், அதாவது ஒவ்வொரு ஸ்ட்ரிப் டப்பாவோடயும் வர்ற சிப்பை மாத்தி போடணும், இல்ல டப்பா நம்பரும் திரையில வர்ற நம்பரும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும், மறந்தா ரீடிங் தப்பா வரும். வயசானவங்க தனியா பாக்குற வீடுன்னா கோடிங் இல்லாத மாடல் வாங்குங்க. திரையில எழுத்து பெருசா இருக்கணும், ஸ்ட்ரிப் போட்டதும் தானா ஆன் ஆகணும், ரத்தம் கம்மியா கேக்கணும் (0.6 மைக்ரோலிட்டர் போதும்ங்கற மாடல்லாம் இருக்கு, அது கடுகளவு கூட இல்ல), முதல் சொட்டு பத்தலேன்னா அதே ஸ்ட்ரிப்ல இன்னும் கொஞ்சம் விட இடம் கொடுக்கற மாடல்னா ரொம்ப நல்லது, கை நடுங்குறவங்களுக்கு நிறைய ஸ்ட்ரிப் மிச்சமாகும். போனோட இணையுற ப்ளூடூத் இருந்தா சரி, அதுக்காக கூட காசு கொடுக்க வேண்டியதில்லைங்கறது என் கருத்து, ஒரு நாப்பது பக்க நோட்டு அந்த வேலையை பாத்துடும்.

வெளிநாட்டுலேர்ந்து வர்ற சொந்தக்காரங்க மெஷின் கொண்டுவந்தா யூனிட்டை பாருங்க. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்துல எல்லாம் மில்லிமோல் கணக்கு, நமக்கு மில்லிகிராம். அங்க 7ன்னா இங்க 126, பதினெட்டால பெருக்கணும். பெருக்கிக்கலாம்தான், ஆனா அந்த ஸ்ட்ரிப் இங்க கிடைக்கலேன்னா அது சும்மா பொம்மைதான்.

ரத்தசோகை இருக்குறவங்க ஒண்ணு கவனிக்கணும். ஹீமோகுளோபின் ரொம்ப கம்மியா இருந்தா மெஷின் சுகரை கூட்டி காட்டும், ரத்தம் கெட்டியா இருந்தா குறைச்சு காட்டும். ஸ்ட்ரிப் தாள்ல ஹீமட்டோக்ரிட்னு (ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கற அளவு) ஒரு எல்லை போட்டிருக்கும், உங்க ரத்த ரிப்போர்ட்ல இருக்குற நம்பர் அதுக்குள்ள வருதான்னு பாருங்க. வயித்து வழியா டயாலிசிஸ் பண்றவங்க, ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்தினா, டாக்டரை கேக்காம எந்த மெஷினும் வாங்காதீங்க. சில வகை ஸ்ட்ரிப் அந்த திரவத்துலேர்ந்து வர்ற மால்டோஸ்ங்கற வேற வகை சர்க்கரையையும் ரத்த சுகர்னே எண்ணிடும், உண்மையில லோ சுகர்ல இருக்குறவருக்கு 200னு காட்டும், அதை நம்பி இன்சுலின் போட்டு உயிரே போன சம்பவங்கள் இருக்கு, 2009ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு.

குத்துறது எப்படி

வாங்கின அன்னைக்கு முதல் வேலை தேதியும் நேரமும் சரியா வைக்கிறது. பேட்டரி மாத்தினாலும் திரும்ப பாருங்க, சில மாடல்ல நேரம் அழிஞ்சுடும். மெமரியை திறந்து பாக்குற டாக்டருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வெறும் வயித்து ரீடிங்னு இருந்தா அவர் அதுலேர்ந்து என்னத்தை புரிஞ்சுக்குவார்?

அடுத்து கை கழுவுறது. இதை யாருமே மதிக்க மாட்டேங்குறாங்க, ஆனா வீட்டு ரீடிங் தப்பா வர்றதுக்கு பெரிய காரணங்கள்ல இது ஒண்ணு. எங்க பெரியம்மா மாம்பழ சீசன்ல வீட்டுக்கே பழம் நறுக்கி கொடுத்துட்டு, தான் ஒரு துண்டு கூட வாயில வைக்காம, கையை முந்தானையில துடைச்சுட்டு டெஸ்ட் பாத்தாங்க, 270 சொச்சம். வீடே கலவரமாச்சு. சோப்பு போட்டு கழுவி, ஈரம் போக துடைச்சு, திரும்ப பாத்தா 150க்குள்ள இருந்துச்சு. விரல் நுனியில ஒட்டியிருக்குற சாறு ஒரு துளி ரத்தத்துல கலந்தா போதும், மெஷினுக்கு அது பழமா ரத்தமான்னு தெரியாது. ஸ்பிரிட் பஞ்சால துடைச்சா மட்டும் இந்த இனிப்பு முழுசா போகாது, தண்ணியும் சோப்பும்தான் வேணும். வெளியில இருக்கும்போது கழுவ வழியில்லேன்னா முதல் சொட்டை சுத்தமான பஞ்சால துடைச்சுட்டு ரெண்டாவது சொட்டை எடுங்க. ஸ்பிரிட் போட்டீங்கன்னா நல்லா காய விடுங்க, ஈரத்தோட குத்தினா எரியும், ரீடிங்கும் மாறும்.

கழுவின கையை நல்லா துடைச்சுட்டு ஸ்ட்ரிப்பை எடுங்க, எடுத்ததும் டப்பாவை உடனே மூடுங்க. ஸ்ட்ரிப்பை மெஷின்ல சொருகி சொட்டு படம் வந்த பிறகு குத்துங்க. குத்துறதுக்கு நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூணும் நல்லது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நாள் முழுக்க வேலை செய்யற விரல்கள், அதை விட்டுடுங்க. விரலோட நடு சதையில குத்தாதீங்க, நகத்துக்கு பக்கத்துல ஓரமா குத்துங்க, அங்க வலி கம்மி. தினமும் விரலை மாத்துங்க, இல்லேன்னா ஒரே இடம் காய்ச்சுப் போயிடும். பேனா மாதிரி இருக்குற குத்துற கருவியில ஆழத்துக்கு நம்பர் இருக்கும், ரெண்டுல ஆரம்பிச்சு ரத்தம் வரலேன்னா ஒவ்வொண்ணா ஏத்துங்க. ஊசியில 28, 30, 33னு கேஜ் இருக்கும், நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசு.

ரத்தம் வரலேன்னா விரலை போட்டு பிழியாதீங்க. அழுத்தி பிழிஞ்சா ரத்தத்தோட சதைக்குள்ள இருக்குற நீரும் கலந்து வரும், ரீடிங் மாறலாம். கையை கீழ தொங்க விட்டு உதறுங்க, வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க, உள்ளங்கையிலேர்ந்து விரல் நுனி பக்கமா மெதுவா நீவி விடுங்க, அது போதும். சொட்டு வந்ததும் ஸ்ட்ரிப் நுனியை சொட்டோட ஓரத்துல தொட்டா அதுவா உறிஞ்சிக்கும். மேல ரத்தத்தை தடவுறது, அரை சொட்டு விட்டுட்டு விரலை தேய்க்கிறது எல்லாம் எர்ரர்லதான் முடியும்.

ஊசி ஒரு தடவைக்குத்தான். நிறைய பேர் ஒரே ஊசியை வாரக்கணக்குல ஓட்டுறாங்க, முனை மழுங்கி வலி அதிகமாகுது, அவ்வளவுதான் லாபம். உங்க ஊசியையும் குத்துற பேனாவையும் வீட்ல வேற யாருக்கும், கணவன் மனைவியா இருந்தாலும், கொடுக்காதீங்க, ஹெபடைடிஸ் பி இப்படி பரவும்.

எப்போ பாக்கணும்

டாக்டர் சொன்ன அட்டவணை இருந்தா அதுதான் முதல். இன்சுலின் போடுறவங்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை போடுறவங்களும் கொஞ்சம் அடிக்கடி பாக்கணும், ஏன்னா இந்த மருந்துகள் சுகரை ரொம்ப கீழ இறக்கிடும். மெட்பார்மின் மட்டும் போட்டு சுகர் நிலையா இருக்குறவருக்கு தினமும் குத்த வேண்டிய அவசியமே இல்ல. காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, புது மருந்து, நோன்பு, நீண்ட பயணம் இருக்குற நாட்கள்ல மட்டும் எல்லாருமே கூடுதலா பாக்கணும்.

பெரும்பாலானவங்க தினமும் காலையில வெறும் வயித்துல மட்டும் பாத்துட்டு நல்லா இருக்குன்னு இருந்துடுறாங்க, மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி (கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சுகரை காட்டுற லேப் டெஸ்ட்) 8.5 வந்ததும் லேப் தப்புன்னு சொல்றாங்க. நம்ம சாப்பாட்டுல அரிசியும் மாவும்தான் அதிகம், சுகர் ஏறுறது சாப்பாட்டுக்கு அப்புறம்தான், அதை பாக்காம எப்படி தெரியும்? அதனால ஜோடியா பாருங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு, முதல் வாய் வச்ச நேரத்துலேர்ந்து சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. சாப்பிட்டு கை கழுவின நேரத்துலேர்ந்து எண்ணாதீங்க. திங்கள் காலை டிபன், புதன் மதியம், சனி ராத்திரின்னு மாத்தி மாத்தி பாத்தா வாரத்துக்கு ஆறே ஸ்ட்ரிப்ல மூணு வேளையோட கதையும் தெரிஞ்சுடும்.

உதாரணத்துக்கு நாலு இட்லி, தேங்கா சட்னி, முன்னாடி 118, பின்னாடி 205னு வச்சுக்குங்க. அடுத்த வாரம் அதே திங்கள் ரெண்டே இட்லி, அதே தேங்கா சட்னின்னு மாத்தி 115க்கு 158 வந்தா இட்லியை விடவே வேணாம், எண்ணிக்கையை குறைச்சாலே வேலை நடக்குதுன்னு உங்க உடம்பே சொல்லிடுச்சு. இப்படி பாக்கும்போது ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துறது நல்லது, இட்லியையும் குறைச்சு நடையும் போட்டா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. அதுக்கும் இன்னொரு வாரம் ஒதுக்குங்க.

ராத்திரி படுக்கும்போது 130, காலையில எழுந்தா 175, நடுவுல ஒண்ணும் சாப்பிடலன்னு குழம்புறவங்க ரெண்டு மூணு நாள் விடிகாலை 3 மணிக்கு அலாரம் வச்சு பாருங்க. மூணு மணிக்கு நல்லா இருந்து அப்புறம் ஏறியிருந்தா, விடியும்போது சுரக்குற ஹார்மோன்களால கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்துல விடுது, நிறைய பேருக்கு இருக்குறதுதான். மூணு மணிக்கு 60, 65ன்னு இறங்கியிருந்தா ராத்திரி மருந்து கூடுதலா இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர், அதனால காலை நம்பரை மட்டும் வச்சு நீங்களா ராத்திரி டோஸை ஏத்திடாதீங்க.

ஸ்ட்ரிப் செலவு கட்டுப்படியாகாதவங்க, 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேரை பதிஞ்சுக்குங்க, வீட்டுக்கே வந்து சுகரும் பிபியும் பாத்து மாத்திரையும் கொடுக்கறாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா வழி சொல்லுவாங்க.

வந்த நம்பரை என்ன பண்றது

பொதுவா பெரியவங்களுக்கு வெறும் வயித்துல 80லேர்ந்து 130, சாப்பிட்ட பிறகு 180க்குள்ளன்னு ஒரு இலக்கு சொல்லுவாங்க. கர்ப்பிணிகளுக்கு கணக்கே வேற, வெறும் வயித்துல 95க்குள்ள, ஒரு மணி நேரத்துல 140க்குள்ள, ரெண்டு மணி நேரத்துல 120க்குள்ள. எழுபது எண்பது வயசு தாத்தா பாட்டிக்கு டாக்டர் வேணும்னே கொஞ்சம் தளர்த்தி வச்சிருப்பார், அவங்களுக்கு சுகர் கூடுறதைவிட திடீர்னு இறங்கி மயங்கி விழுறதுதான் ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் இலக்கை உங்க மேல ஏத்திக்காதீங்க.

70க்கு கீழ வந்தா அது லோ சுகர், 54க்கு கீழ போனா அவசரம். கை நடுக்கம், படபடப்பு, வேர்வை, திடீர் பசி இருந்தா மெஷின் தேடி நேரத்தை வீணாக்காம முதல்ல இனிப்பை கொடுங்க. மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கரைச்சு குடிச்சா சுமார் 15 கிராம் ஆகும், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க, ஏறலேன்னா இன்னொரு தடவை. சாக்லேட், பால் எல்லாம் இதுக்கு சரிவராது, கொழுப்பு இருக்குறதால மெதுவாத்தான் ஏறும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடுறவங்களுக்கு சாதா சர்க்கரை கூட சீக்கிரம் வேலை செய்யாது, அவங்க வீட்ல குளுக்கோஸ் பவுடர் ஒரு பாக்கெட் எப்பவும் இருக்கணும். திரும்ப பாக்குறதுக்கு முன்னாடி கையை கழுவிடுங்க, சர்க்கரை கலக்கின கையோட குத்தினா 140னு காட்டி ஏமாத்திடும். ஆள் மயக்கத்துல இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும், 108க்கு போன் போடுங்க.

திரையில நம்பருக்கு பதிலா ஹைனு வந்தா பெரும்பாலான மெஷின்ல 600க்கு மேலன்னு அர்த்தம். கை கழுவி இன்னொரு தடவை பாருங்க, அதுவும் ஹைனா உடனே ஆஸ்பத்திரிதான். வாந்தி, மூச்சிரைப்பு, அசதி இருக்கும்போது 300க்கு மேல நின்னாலும் அதேதான், விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

மத்தபடி ஒரே ஒரு ரீடிங்கை வச்சு மாத்திரையை நிறுத்தறதோ கூட்டறதோ வேணாம். நோட்டுல தேதி, நேரம், முன்னாடியா பின்னாடியா, நம்பர், பக்கத்துல ரெண்டு வார்த்தை (கல்யாண சாப்பாடு, மாத்திரை மறந்தாச்சு, தூக்கமில்ல) எழுதுங்க. ரெண்டு வாரத்து பக்கத்தை பாத்தாலே டாக்டருக்கு எந்த வேளை உதைக்குதுன்னு தெரிஞ்சுடும்.

மெஷின் சரியா காட்டுதான்னு சோதிக்கிறது

லேப்புக்கு வெறும் வயித்து டெஸ்டுக்கு போகும்போது மெஷினையும் எடுத்துட்டு போங்க. நரம்புல ரத்தம் எடுத்த அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள விரல்ல குத்தி பாத்து எழுதி வச்சுக்குங்க, ரிப்போர்ட் வந்ததும் ஒப்பிடுங்க, 15 சதவீதத்துக்குள்ள இருந்தா கவலை இல்ல. காலையில வீட்ல பாத்த ரீடிங்கையும் பத்து மணிக்கு லேப்ல எடுத்ததையும் ஒப்பிட்டு பிரயோஜனம் இல்ல. சாப்பிட்ட பிறகும் ஒப்பிடாதீங்க, அப்போ விரல் ரத்தத்துல சுகர் நரம்பு ரத்தத்தை விட 20, 30 கூடவே இருக்கும், அது இயற்கை. சில கம்பெனிகள் கன்ட்ரோல் சொல்யூஷன்னு ஒரு திரவம் விக்குறாங்க, அதை சொட்டு விட்டா டப்பாவுல போட்ட எல்லைக்குள்ள நம்பர் வரணும். மெஷின் கீழ விழுந்தாலோ புது டப்பா மேல சந்தேகம் வந்தாலோ இது உதவும்.

ஸ்ட்ரிப் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பயப்படுற பொருள். 30 டிகிரிக்குள்ள வைக்கணும்னு டப்பாவுலயே இருக்கும், மே மாசம் வண்டி டிக்கியில, கார் டேஷ்போர்டுல வச்சா அதோட முடிஞ்சது. அதுக்காக ஃபிரிட்ஜுல வைக்கவும் கூடாது, வெளிய எடுத்து மூடியை திறந்ததும் உள்ள ஈரம் கோத்துக்கும். அடுப்படி மேடை, குளியலறை அலமாரி ரெண்டும் வேணாம், ஹால் பீரோ சரியான இடம். டப்பாவுக்குள்ளயே ஈரத்தை உறிஞ்சுற மருந்து இருக்கு, அதனால ஸ்ட்ரிப்பை வேற டப்பாவுக்கு மாத்தாதீங்க, சீல் உடைஞ்சதையும் லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர் அழிச்சிருக்குறதையும் வாங்காதீங்க.

குத்தாம பாக்குற வாட்ச், கையில ஒட்டுற சென்சார்

குத்தாம சுகர் காட்டுற வாட்ச், மோதிரம்னு விளம்பரம் வந்துட்டே இருக்கு. 2024 பிப்ரவரியில அமெரிக்க எஃப்டிஏ தெளிவா சொல்லிச்சு, தோலை துளைக்காம தானே சுகர் அளக்குற ஒரு வாட்சுக்கும் மோதிரத்துக்கும் நாங்க அனுமதி கொடுக்கலன்னு. சும்மா ஒரு நம்பர் காட்டும், அதை நம்பி இன்சுலின் போட்டா யார் பொறுப்பு?

சென்சார் சங்கதி வேற. ஃப்ரீஸ்டைல் லிப்ரே மாதிரி மேல் கையில ஒட்டி 14 நாள் வச்சுக்குற சென்சார் தோலுக்கு கீழ நுழைஞ்சு திசு நீர்ல இருக்குற சுகரை அளக்குது, நாள் முழுக்க கோடு போட்டு காட்டும், நல்ல கருவிதான். ஆனா சுகர் வேகமா ஏறும்போதும் இறங்கும்போதும் ரத்தத்தை விட சில நிமிஷம் பின்தங்கி காட்டும், அந்த கை மேல படுத்து தூங்கினா பொய்யா லோனு கத்தும். உடம்பு சொல்றதும் சென்சார் சொல்றதும் ஒத்துப்போகலேன்னா விரல்ல குத்தித்தான் பாக்கணும், அதனால சென்சார் போட்டாலும் பழைய மெஷினை தூக்கி போடாதீங்க. விலை கட்டுப்படி ஆகலேன்னா வருஷத்துல ரெண்டு தடவை, டாக்டர் மருந்து மாத்தும்போது மட்டும், ஒரு சென்சார் போட்டு பாக்கலாம்.

கடைசியா ஊசி குப்பை

ஊசியை அப்படியே வீட்டு குப்பைக் கூடையில போட்டா குப்பை பிரிக்கிறவங்க கையில குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, பினாயில் பாட்டில் மாதிரி ஒண்ணை எடுத்து மேல "ஊசி"னு எழுதி பசங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடியை டேப் போட்டு ஒட்டி, மருத்துவக் கழிவு வாங்குற ஆஸ்பத்திரியிலயோ லேப்லயோ கேட்டு கொடுங்க, இல்லேன்னா துப்புரவு பணியாளர் வரும்போது உள்ள ஊசி இருக்குன்னு வாயால சொல்லி தனியா கையில கொடுங்க.